சப்வே வாசலில் எரிந்த பச்சை

"புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள் மேடம்" என்று நான் பாடம் நடத்திய துறையிலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது. மூன்றாவது முறை சரி என்று சொல்லித் தொலைத்தேன். சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் இந்த நடை போகவில்லை. "உட்கார்ந்து எழுதேன், தரை தேயறது" என்கிறார் என் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். உட்கார்ந்தால் வரமாட்டேன் என்கிறது. நின்றுகொண்டே எழுதுகிறேன்.

எத்தனை கட்டுரை, எந்த ஊர் மாநாடு, என்ன விருது, அதெல்லாம் துறையின் இணையதளத்தில் என் படத்துக்குக் கீழே இருக்கிறது. அந்தப் படத்தில் எனக்கு இப்போதிருப்பதைவிடப் பத்து வயது குறைவு, ஆகவே அந்தப் பக்கத்தை முழுசாக நம்ப வேண்டாம். கணினிக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் முப்பது வருஷமாக என் பிழைப்பு. இனி உங்கள் பிழைப்பும் அதுதான். எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று நான் சொல்லப் போவதில்லை, அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது ஒரு போர்டைப் பற்றி. அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் பொய் சொல்வது போல இருக்கிறது.

தி.நகர்ப் பக்கம் ரயில் பாதைக்குக் கீழே போகும் சப்வே ஒன்று. எது என்று கேட்காதீர்கள், எந்தத் துறையின் பொறுப்பில் இருந்தது என்றும் கேட்காதீர்கள். தவறு அவர்களுடையது இல்லை, எங்களுடையது. மழை பிடித்தால் அரை மணியில் அதற்குள் தண்ணீர் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஆழம் தெரியாது. முழங்கால் அளவுதான் என்று நினைத்து உள்ளே விட்ட வண்டிகள் கூரை மட்டும் தெரிய நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அதற்கு எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழி கண்டுபிடித்தோம். சப்வே வாசலில் கேமரா. அது பார்க்கும் படத்தை வைத்துக் கணினி ஆழத்தைச் சொல்லும். போகலாம் என்றால் வாசலில் இருக்கும் பெரிய போர்டில் பச்சை, ஆபத்து என்றால் சிவப்பு. கேட்பதற்கு எவ்வளவு எளிமை! அந்த வேலை பர்வீனுடையது. என்னிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தாள். வீடு ராயப்பேட்டை, அப்பாவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. நான் நாலு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் அவள் ஒரு வார்த்தையில் கேள்வி கேட்டுவிடுவாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நான் எரிந்து விழுந்த நாட்கள் உண்டு. அவள் கோபித்துக்கொண்டதில்லை. மறுநாள் அதே கேள்வியை வேறு மாதிரி கேட்பாள், அவ்வளவுதான்.

நாற்பதாயிரம் படம் சேர்த்தோம். அலுவலகங்களின் பழைய கோப்புகள், செய்திப் படங்கள், ஜனங்கள் மொபைலில் எடுத்துப் போட்டவை எல்லாம். ஒவ்வொன்றுக்கும் ஆபத்து, ஆபத்தில்லை என்று பெயர் குறித்தோம். பாதியைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வைத்துக்கொண்டோம், மீதியில் பரீட்சை வைத்தோம். பிரமாதமாகப் பாஸ் பண்ணியது. நான் ஆய்வகத்தில் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன்.

எனக்கு ஆராய்ச்சி சொல்லிக்கொடுத்தவர் ஒரு வினோதப் பிரகிருதி. படங்களை அச்சடித்துத் தரை முழுக்கப் பரப்பச் சொல்வார். செருப்பைக் கழற்றிவிட்டு அதற்கு நடுவில் ஒரு வாரம் நடக்கச் சொல்வார். எதையும் கணக்குப் போடக் கூடாது, பார்க்க மட்டும்தான் வேண்டும். எங்களுக்கெல்லாம் சிரிப்பாக இருக்கும். பர்வீன் ஒருநாள் என்னிடம், "மேம், நாம அந்த மாதிரி ஒரு தடவை எல்லாத்தையும் பாத்துடலாமா?" என்றாள். நாற்பதாயிரம் படத்தைப் பரப்ப மெரினா கடற்கரைதான் வேண்டும் என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். எனக்கு அவசரம். எப்போதும் அவசரம். பருவமழைக்கு முன்னால் போர்டு எரிய வேண்டும் என்று சப்வேயைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

சப்வேயில் மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைக்கும் ஆள் பெயர் ஏழுமலை. பட்டினப்பாக்கத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். வாசலை ஒட்டி இருக்கும் மோட்டார் ரூம்தான் மழைக்காலம் முழுக்க அவருக்கு வீடு. தண்ணீர் ஏறினால் வாசலின் குறுக்கே ஒரு கயிறு கட்டுவார். வண்டிக்காரர்கள் நிற்பார்கள், திட்டுவார்கள், வேடிக்கை பார்ப்பார்கள். போர்டு வைத்த பிறகு முதல் மழை சின்ன மழை. அன்று சோதனைக்காக நான் போயிருந்தேன். ஏழுமலை கயிற்றைக் கட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே? உங்க போர்டு கீதே, அது நான் கயிறு கட்ற வரிக்கும் சொம்மா இருக்குது. நான் கட்டி நாலு பேரு வந்து நின்னாங்காட்டிதான் செவப்பாவுது."

நான் சிரித்தேன். உங்களிடம் மறைப்பானேன், நன்றாகவே சிரித்தேன். "அப்படி இல்ல ஏழுமலை. தண்ணி ஏறுறதைப் பார்த்து நீங்க கயிறு கட்டுறீங்க. அதே தண்ணியைப் பார்த்து அது சிவப்பாகுது. ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குது, அதான் உங்களுக்கு அப்படித் தோணுது."

"அப்டியா? சரி மேடம், படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் மோட்டார் ரூமுக்குள் போய்விட்டார். அதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. மறுநாள் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன்: கயிறும் அதைச் சுற்றி நிற்கும் ஆட்களும் கேமராவுக்கு முன்னால் வந்து தண்ணீரை மறைக்கிறார்கள், போர்டு இருக்கும்போது கயிறு தேவையில்லை, தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அங்கிருந்த பொறியாளர் உடனே எடுக்கச் சொல்லிவிட்டார். எங்கள் தொழிலில் இருப்பவரைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வராது. ஆள் போகாமல் தடுக்கிற கயிற்றை, படம் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக அவிழ்க்கச் சொன்னேன்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை வந்தது.

தி.நகரில் என் தையல்காரரிடம் ரவிக்கை வாங்கப் போயிருந்தேன். மதியம் மூன்றரை மணிக்கு மழை பிடித்தது. கொட்டு கொட்டென்று கொட்டியது. கடைத் திண்ணையில் ஏறி நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. ஏழுமலை.

"மேடம், தண்ணி முட்டிக்கு மேல ஏறிக்கினு கீது. உங்க போர்டு பச்சையா எரிஞ்சிக்கினு கீது. இன்னா பண்ணட்டும்?"

"ஒரு நிமிஷம் பொறுங்க. அது கொஞ்ச நேரத்துப் படத்தையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் மாத்தும்."

"நான் பொறுத்துப்பேன் மேடம், வர்ற வண்டிக்காரன் பொறுத்துப்பானா?"

மொபைலில் கேமராவின் படத்தைத் திறந்தேன். சப்வேக்குள் கரும்பழுப்பாகத் தண்ணீர், நடுப்பள்ளத்தில் சுவரில் பாதிக்கு மேல். வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. மேலே ஓரத்தில் பச்சை எழுத்தில்: செல்லலாம். குடை இல்லை. ரவிக்கைப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில் அந்தத் தெருவில் நான் ஓடியதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. பத்து நிமிஷ நடை, எவ்வளவு நேரத்தில் போனேன் என்று தெரியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூட வேன் ஒன்று சப்வே வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. அதன் முன்னால் ஏழுமலை, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தனியாக. வேன் டிரைவர் சின்னப் பையன், தலையை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டிருந்தான்.

"யோவ், நவுருய்யா! போர்டு பச்சை போட்டுக்கீது, கண்ணு தெரில?"

"போர்டு கெடக்குது நைனா. உள்ள இடுப்பு மட்டும் தண்ணி. நடுவுல ஆளே முழுகிப் பூடுவான். புள்ளைங்கள வச்சிக்கினு எங்க போற?"

"நீ யாரு, போலீசா? டேசன்லேர்ந்து வந்தியா? லேட்டானா அம்மாங்கல்லாம் என்னைத்தான் கியிப்பாங்க, உன்னை இல்ல. நவுரு!"

வேன் ஒரு அடி முன்னால் நகர்ந்தது. ஏழுமலை நகரவில்லை. ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் சீருடை போட்ட பிள்ளைகள், ஒன்றிரண்டு சிரித்துக்கொண்டு, ஒன்று ஏழுமலையைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு. நான் ஓடிப்போய் ஏழுமலை பக்கத்தில் நின்றேன். நின்றேன் என்றுதான் சொல்ல முடியும், மூச்சு வாங்கியது. "தம்பி, போகாதே" என்று மட்டும் சொன்னதாக ஞாபகம். அந்தப் போர்டை வைத்தவளே நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இந்தம்மா யாரு இப்போ?" என்றான் அவன்.

கூச்சல் கேட்டு எதிரே இருந்த ஜூஸ் கடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒதுங்கியிருந்த ஆட்டோக்காரர் வந்தார். பூக்கார அம்மா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, "இன்னாடா சண்டை?" என்று நடுவில் நின்றார். இன்னும் நாலைந்து பேர். சண்டை என்றால் நம் ஊரில் மழையெல்லாம் ஒரு பொருட்டா? வாசல் முழுக்க ஆள் நின்றது.

போர்டு சிவப்பானது.

"ஆங், இப்ப செவப்பு வந்துச்சு பாரு! இதை மொதல்லியே போட்டா நான் ஏன் வர்றேன்?" என்று டிரைவர் போர்டைத் திட்டிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். வேன் பின்னால் நகர்ந்து திரும்பிப் போய்விட்டது. கையை விரித்துக்கொண்டு கத்திய ஆளை அவன் நம்பவில்லை. போர்டு சொன்னதும் போய்விட்டான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏழுமலையிடம் திரும்பி, "பாத்தீங்களா, கொஞ்சம் லேட்டு, ஆனா கண்டுபிடிச்சுடுச்சு" என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையோடு நானும் தண்ணீரைப் பார்த்தேன். நான் வந்தபோது இருந்த அதே அளவு. ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. மாறியது ஒன்றுதான், வாசலில் வந்து நின்ற எங்கள் தலைகள்.

வீட்டுக்குப் போய் ஈரப் புடவையைக்கூட மாற்றாமல் மடிக்கணினியில் ஆய்வகத்து சர்வரைத் திறந்தேன். போர்டு மாறுவதற்கு முன்னால் இருந்த படத்தையும் பின்னால் இருந்த படத்தையும் எடுத்தேன். இரண்டாவது படத்தில் ஆட்கள் இருந்த இடத்தையெல்லாம் கறுப்பு மை அடித்து மூடிவிட்டுக் கணினியிடம் கேட்டேன். ஆபத்தில்லை என்றது. மையை எடுத்தேன். ஆபத்து என்றது. மறுபடி மூடினேன். பச்சை. எத்தனை முறை செய்தேனோ தெரியாது. தண்ணீரை மொத்தமாக மறைத்துவிட்டு ஆட்களை மட்டும் விட்டேன். சிவப்பு.

நாற்பதாயிரம் படத்திலும் நடந்திருப்பது அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் ஆபத்தாக இருக்கும்போது எடுத்த படம் எல்லாவற்றிலும் யாரோ கயிறு கட்டியிருப்பார்கள், ஜனங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஆபத்து இல்லாதபோது யாரும் நிற்பதில்லை, போய்க்கொண்டே இருப்பார்கள். எங்கள் கணினி சமர்த்துப் பிள்ளை. தண்ணீரைப் பார்ப்பது கஷ்டம், நிற்கிற ஆளைப் பார்ப்பது சுலபம் என்று கண்டுகொண்டுவிட்டது. பரீட்சைக்கு வைத்த படங்களும் அதே கூடையிலிருந்து எடுத்தவைதானே, அதனால்தான் பால்கோவா. ஏழுமலை இதைத்தான் என்னிடம் சொன்னார், ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லாமல்.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். தப்பு எல்லோரும் செய்வதுதான், நீங்களும் இதைவிடப் பெரிதாகச் செய்வீர்கள். அது தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன்.

செய்து பார்த்த எதையும் சேமிக்கவில்லை. மூடி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பொறியாளர் போன் செய்தார். குரலில் அவ்வளவு உற்சாகம். "மேடம், கலக்கிட்டீங்க! நேத்து ஸ்கூல் வேன் உள்ள போகப் போயிருக்கு, போர்டு கரெக்டா சிவப்பு போட்டு நிறுத்திடுச்சாம். பேரன்ட்ஸ் எல்லாம் போன் பண்றாங்க. பெரிய அதிகாரிங்க திங்கக்கிழமை நேர்ல வர்றாங்க. நகரத்துல இருக்கற மத்த சப்வேக்கெல்லாம் இதையே போடறதுன்னு பேச்சு." நான், "ஓ, அப்படியா" என்றேன். போனை வைத்தேன்.

மற்ற சப்வேக்கெல்லாம்! அங்கெல்லாம் ஏழுமலை இருப்பாரா? கயிறு இருக்காது, நான்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறேனே. இது தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே அடையாற்றில் ஆய்வகத்துக்கும் மயிலாப்பூரில் வீட்டுக்கும் மாறி மாறி நடந்தேன். இன்னும் கொஞ்சம் சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரிபார்க்க என்ன மிச்சம் இருந்தது? பர்வீன் ஆய்வேட்டை மாதக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும், கொடுத்தால் வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை காத்திருக்கிறது, அந்தப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கலாமா என்று அடுத்த சமாதானம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, ஓய்வு பெறும் நேரத்தில் எனக்கு இந்த அவமானம் எதற்கு என்பது. அவளுக்காக யோசிப்பது போல எனக்காக யோசித்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மழை வந்துவிடக் கூடாதே என்று பயம். அந்தப் பயத்துக்கு ஒரே மருந்து ஒரு போன். அதை மட்டும் செய்யவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணி. நல்ல வெயில். சப்வே காய்ந்து கிடந்தது. மோட்டார் ரூம் பக்கத்தில் சின்னதாகப் பந்தல், பத்து நாற்காலி, சமோசா, டீ. அதிகாரிகள் நாலு பேர், பொறியாளர், போட்டோ எடுக்க ஒருவர். ஏழுமலையைச் சட்டையை மாற்றிக்கொண்டு ஓரமாக நிற்கச் சொல்லியிருந்தார்கள். பர்வீன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் கையிலிருந்த ஒரு காகிதத்தையே பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

அதிகாரிகளில் மூத்தவர் நல்ல மனிதர். "மேடம், இது எப்படி அவ்வளவு கரெக்டா கண்டுபிடிக்குது? எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்களேன்" என்றார்.

நான் எழுந்தேன். இதோ இப்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா? "தண்ணீரின் மேல்மட்டம் சுவரில் எந்த இடத்தில் படுகிறது என்பதை முதலில் அது பார்க்கும்..." என்று ஆரம்பித்தேன். பொய் என்று தெரிந்த ஒன்றை, பாடம் எடுக்கிற குரலில்.

"மேம், ஒரு நிமிஷம்."

பர்வீன் எழுந்திருந்தாள். "சார், மேம் சொல்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். நீங்க எல்லாரும் அப்படிக் கீழ வந்து, சப்வே வாசல்ல, ரோட்டுக்குக் குறுக்க நிக்க முடியுமா? ஒரே ஒரு நிமிஷம்தான்."

போட்டோவுக்கு என்று நினைத்தார்களோ என்னவோ, எல்லோரும் உற்சாகமாக இறங்கிப் போனார்கள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். போட்டோக்காரர் ஒரு காலை மடித்து உட்கார்ந்தார். போகிற வண்டிகள் நின்றன, ஆட்டோக்காரர்கள் இறங்கி என்ன என்று பார்த்தார்கள். தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை, புழுதி பறந்துகொண்டிருந்தது.

போர்டு சிவப்பானது. ஆபத்து, செல்ல வேண்டாம்.

மூத்த அதிகாரி போர்டைப் பார்த்தார், காய்ந்த ரோட்டைப் பார்த்தார், மறுபடி போர்டைப் பார்த்தார். "என்னம்மா இது? தண்ணியே இல்லியே?"

ஏழுமலைதான் முதலில் சிரித்தார். "அய்ய, இன்னா சார் இது! நீங்க வந்து நின்னாலே ஆபத்துன்னு சொல்லுது பாரு!" ஆட்டோக்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். மூத்தவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். பொறியாளருக்கு மட்டும் வரவில்லை.

பர்வீன் சொன்னாள். எங்கள் கணினி தண்ணீரைப் பார்ப்பதில்லை, நிற்கிற ஆட்களைத்தான் பார்க்கிறது. வியாழக்கிழமை வேனைக் காப்பாற்றியது ஏழுமலை, போர்டு அவருக்குக் குறுக்கேதான் நின்றது. தயவுசெய்து இதை இன்றைக்கே அணைத்துவிடுங்கள், வேறு எங்கேயும் வைக்காதீர்கள். "இது என் ஆராய்ச்சி சார். தப்பும் என்னுதுதான்" என்றாள். நான் அப்போதும் நின்றுகொண்டிருந்தேன். "தப்பு என்னுடையது" என்று நான் சொன்னபோது அவள் பேசி முடித்து உட்கார்ந்திருந்தாள்.

போர்டை அன்று மதியமே அணைத்தார்கள். "இதை போன்ல சொல்லியிருக்கலாமே மேடம், இத்தனை பேர் முன்னாடியா?" என்றார் பொறியாளர். அவர் கேட்டது நியாயம். மற்ற சப்வேக்களின் பேச்சு அதோடு நின்றது. பர்வீன் முதலிலிருந்து ஆரம்பித்தாள், இந்த முறை ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பார்த்து. ஆய்வேட்டைக் கொடுக்க மேலும் ஒன்றேகால் வருஷம் ஆனது. வேலூர் வேலை வேறு யாருக்கோ போயிற்று. அவள் அப்பா ஒருமுறை என்னிடம் போனில், "ஏன் மேடம், நல்லாத்தானே போய்ட்டிருந்துச்சு?" என்று கேட்டார். நெட்வொர்க் சரியில்லை என்றேன்.

ஆனால் நான் இத்தனையும் எழுதியது அன்று திரும்பி வரும்போது ஆட்டோவில் நடந்ததைச் சொல்லத்தான். அதை இதுவரை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

நந்தனம் சிக்னலில் ஆட்டோ நின்றது. அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எனக்குத் தாங்கவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது பர்வீன்?"

"வெள்ளிக்கிழமை காலைல மேம்."

"எப்படி?"

"ஆய்வேட்டுல போடலாம்னு வேன் வந்த நேரத்துப் படத்தை எடுக்கப் போனேன். யார் எந்தப் படத்தை எப்போ, எப்படி ஓட்டிப் பாத்தாங்கன்னு சர்வர்ல தானாப் பதிவாகும்ல? எனக்கு முன்னாடியே உங்க பேர் இருந்துச்சு. வியாழக்கிழமை சாயங்காலம். ஆளுங்களை மறைச்சு மறைச்சு பதினோரு தடவை ஓட்டிப் பாத்திருந்தீங்க."

சிக்னல் விழுந்தது. ஆட்டோ நகரவில்லை, முன்னால் ஒரு பஸ்.

"அப்போ என்கிட்ட ஏன் கேக்கல?" என்றேன். கேட்டிருக்கவே கூடாது.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன் மேம்" என்றாள் பர்வீன். "இன்னிக்குக் காலைல நீங்க எழுந்து நின்ன வரைக்கும் இருந்தேன்."